சந்தா கட்டினால் ஓனர் நம்பர் கிடைக்கும், வீடு? பெங்களூர் வாடகை ஆப் பற்றி

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் வீடு தேடிக் கொடுத்ததற்கு இல்லை, வீடு கிடைத்த பிறகு அக்ரிமென்ட் போட்டுக் கொடுத்ததற்கு.

ஆப்பின் பெயர் வேண்டாம். இந்தத் தொழிலில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். திட்டத்தின் பெயர் மாறும், பட்டனின் நிறம் மாறும், வேலை ஒன்றுதான். சில ஆயிரம் ரூபாயும் அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்டினால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வீட்டுக்காரர்களின் போன் நம்பர் திறக்கும். கூடவே "உங்களுக்கென்றே ஒரு மேனேஜர்" தருவதாகச் சொல்வார்கள். பணம் கட்டிய ஐந்தாவது நிமிடம் இன்வாய்ஸ் வந்துவிட்டது. நான் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள், அந்த இன்வாய்ஸில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் நிலவரம் இது. 2025 தொடக்கத்தில் என் கம்பெனி கோவை அக்கவுன்ட்ஸ் பிரிவை மொத்தமாக பெங்களூர் ஒயிட்ஃபீல்டு ஆபீசுக்குக் கொண்டுபோனது. ஐ.டி.பி.எல். என்ற ஐ.டி. பூங்கா பக்கம், மெட்ரோவில் பட்டந்தூர் அக்ரஹாரா ஸ்டேஷன். முதலில் நான் மட்டும் வந்து குந்தலஹள்ளியில் ஒரு லேடீஸ் பி.ஜி.யில் தங்கினேன். நாற்பத்தைந்து வயதில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே பாத்ரூமுக்கு வரிசையில் நிற்பது தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். மகள் கோவையிலேயே கல்லூரி ஹாஸ்டலில். என் கணவர் வீட்டிலிருந்தே நாலு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. ஃபைல் செய்து கொடுப்பவர், அவருக்கு நெட் இருந்தால் எந்த ஊரும் சம்மதம். அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். ஆக எங்களுக்கு வேண்டியது: கிரவுண்டு ஃப்ளோர், இல்லையென்றால் லிஃப்ட். நம்பகமான தண்ணீர். மெட்ரோவுக்கு நடந்தோ ஆட்டோவிலோ போகிற தூரம். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்தால் யாரும் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கக் கூடாது. வாடகை இருபத்தைந்தாயிரத்துக்குள்.

இதில் ஒன்றுகூட ஆடம்பரம் இல்லை என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன்.

ஆப்பில் ஃபில்டர்கள் அருமையாக இருக்கும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். எத்தனையாவது மாடி, எந்தப் பக்கம் பார்த்த வாசல், பார்க்கிங், குடும்பமா பேச்சிலரா, அசைவம் ஓகேவா, எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்தக் கட்டங்களை நிரப்புகிறவர் யார் என்பதுதான். தண்ணீர் என்று ஒரு கட்டம் உண்டு: கார்ப்பரேஷன், போர்வெல், இரண்டும். பெங்களூரில் குடிநீர் கொடுப்பது மாநகராட்சி இல்லை, பி.டபிள்யூ.எஸ்.எஸ்.பி. என்ற தனி வாரியம். அது தெரியாத யாரோ செய்த கட்டம். நிரப்புகிறவர்கள் எல்லோரும் "இரண்டும்" என்று போட்டுவிடுகிறார்கள். நேரில் போய்க் கேட்டால் காவேரி பைப் தெரு முனை வரை வந்திருக்கும், அல்லது கனெக்‌ஷன் இருக்கும், தண்ணீர் வராது.

கோவைக்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு கர்வம் உண்டு. சிறுவாணி குடித்து வளர்ந்தவர்கள் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாலும் முதல் வாய்க்கே முகம் சுளிப்போம். 2024 கோடையில் பெங்களூர் தவித்த தவிப்பைச் செய்தியில் பார்த்திருந்தேன். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாரியம் அறிவித்த கோடை அது. அந்த வருஷம் அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள், நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர், நகரத்தோடு பின்னால் சேர்ந்த 110 கிராமங்களுக்காக. நான் தேடிய மகாதேவபுரா பக்கத்தில் பல இடங்கள் அந்த 110க்குள் வருபவை. அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஐந்தாம் கட்ட கனெக்‌ஷன் வாங்கிட்டீங்களா?" என்பதுதான். சிலர் ஆச்சரியப்பட்டார்கள். ஒருவர் மட்டும், "நீங்க வாட்டர் போர்டா மேடம்?" என்று கேட்டார்.

ஆப்பில் நம்பர் திறந்தால் யார் எடுப்பார்கள் என்பதற்கு வருவோம். பாதிப் பேர், "அந்த வீடு போயிடுச்சே" என்பார்கள். போன வீட்டின் நம்பரைத் திறந்தாலும் என் கணக்கில் ஒன்று குறையும். புகார் பட்டனை அழுத்தினால் சில சமயம் திருப்பித் தருகிறார்கள், சில சமயம் "சரிபார்த்தோம், வீடு காலியாகவே உள்ளது" என்று பதில் வரும். யாரிடம் சரிபார்த்தார்கள் என்று தெரியவில்லை, ஏனென்றால் நான் பேசியதும் அதே நம்பரில்தான்.

மிச்சப் பாதியில் பெரும்பங்கு புரோக்கர்கள். உரிமையாளரிடமே நேரடியாகப் பேசலாம் என்பதுதான் சந்தாவின் மொத்தப் பெருமை. ஒருவரிடம் நான் கேட்டேன், "ஓனர்தானே பேசறீங்க?" அவர் சொன்ன பதில்: "ஓனர் மாதிரித்தான் மேடம்." அந்த வீட்டைப் பார்க்கப் போனால் வேறு ஒரு பையன் சாவியோடு வந்தான். நான் கேட்ட வீட்டைக் காட்டவில்லை, "அது நேத்துதான் போச்சு, இதைப் பாருங்க" என்று இன்னொன்றைக் காட்டினான். பிடித்திருந்தால் ஒரு மாத வாடகை கமிஷன். அதாவது சந்தாவும் கட்டி, கமிஷனும் கட்டி.

புரோக்கரிடம் எனக்குக் கோபம் இல்லை, அது அவர்கள் பிழைப்பு. அவர்களைத் தவிர்க்கத்தான் என்னிடம் பணம் வாங்கினார்கள் என்பதுதான் புகார்.

மோசடிகளும் உண்டு. ஒரு ஃபிளாட், படங்கள் பளிச்சென்று, வாடகை அந்த ஏரியாவுக்கு மிகக் குறைவு. எடுத்தவர் தான் ராணுவத்தில் இருப்பதாகவும், வடக்கே மாற்றலாகிவிட்டதாகவும், அபார்ட்மென்டுக்குள் போக "விசிட்டிங் பாஸ்" எடுக்க வேண்டும், அதற்குத் திருப்பித் தரும் பணம் கொஞ்சம் அனுப்புங்கள் என்றும் சொன்னார். அடையாள அட்டையின் படம் வாட்ஸப்பில் உடனே வந்தது. வீட்டைப் பார்க்கும் முன் பணம் கேட்டால் அது வீடே இல்லை. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, பி.ஜி.யில் என் அறையில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள், அவளுக்கு இது புதிதில்லை. ஆப்பில் புகார் செய்தேன். இரண்டு நாளில் எடுத்தார்கள், அது நல்லது. அடுத்த வாரம் அதே சமையலறைப் படம் வேறு ஏரியாவில் வந்தது.

ஏரியா என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். ஆப்பில் "ஒயிட்ஃபீல்டு" என்பது ஓர் இடமில்லை, ஆசை. வர்த்தூரும் ஒயிட்ஃபீல்டு, குஞ்சூரும் ஒயிட்ஃபீல்டு, பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய சீகேஹள்ளியும் ஒயிட்ஃபீல்டு. "மெட்ரோவுக்கு 2 கி.மீ." என்று போட்டிருப்பது காக்கா பறக்கிற தூரம். நடுவில் ரயில்வே லைன் இருந்தால் ஆட்டோ சுற்றிக்கொண்டு போகும் தூரத்தை யாரும் போடுவதில்லை. நல்லவேளை, மெட்ரோவின் ஊதா லைன் முழுதாக ஓடுகிறது. கே.ஆர்.புரத்திலிருந்து பையப்பனஹள்ளி வரை விட்டுப்போயிருந்த துண்டு 2023 அக்டோபரில் சேர்ந்த பிறகுதான் இந்தப் பக்கம் வீடு தேடுவதே மனிதச் செயலானது என்று ஆபீசில் சொல்கிறார்கள். 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணத்தை ஏற்றினார்கள், அதிகபட்சம் 60 ரூபாய் இருந்தது 90 ஆனது. அதனால் "தள்ளிப் போனால் வாடகை குறையும்" என்ற கணக்கையும் நான் திரும்பப் போட வேண்டியிருந்தது. எக்செல்லில் போட்டேன். கணவர் பார்த்துவிட்டு, "இத்தனைக்கும் மேல அந்த வீட்ல வெளிச்சம் வருமாங்கறதுக்கு ஒரு கட்டம் போடு" என்றார்.

அவர் சொன்னது நியாயம். பெங்களூரில் தனி வீடு என்றால் பெரும்பாலும் 30க்கு 40 சைட், அடி கணக்கில். அதிலேயே சந்தும் விடாமல் நாலு மாடி எழுப்பி, ஓனர் ஒரு மாடியில் இருந்துகொண்டு மிச்சத்தை வாடகைக்கு விடுவார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைக் கையால் தொடலாம். பகலிலேயே டியூப்லைட். ஆப்பில் அந்த ஜன்னலைத் திரைச்சீலையோடு படம் எடுத்திருப்பார்கள். திரைச்சீலை போட்ட ஜன்னலைப் பார்த்தால் இப்போது எனக்குச் சந்தேகம்தான். ஒரு கிரவுண்டு ஃப்ளோர் வீட்டில் ஹாலுக்கு நடுவிலேயே சம்ப் மூடி. டேங்கர் வந்தால் ஹோஸ் பைப் வீட்டுக்குள் வரும். "வாரத்துக்கு ரெண்டு தடவைதான்" என்றார் வீட்டுக்கார அம்மா, ஆறுதலாக.

அட்வான்ஸ் பற்றி. எங்கள் ஊரிலும் அட்வான்ஸ் வாங்குவார்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. மத்திய அரசு 2021ல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது. பெங்களூர் ஓனர்களிடம் நான் கேட்டது ஐந்து மாதம், ஆறு மாதம், பழைய ஆட்களிடம் பத்து மாதம். இருபத்தைந்தாயிரம் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் இரண்டரை லட்சம், வட்டியில்லாமல். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை "பெயிண்டிங் சார்ஜ்" என்று பிடித்துக்கொண்டு மிச்சம் தருவார்கள். பதினொரு மாதம் இருந்தாலும் ஒரு மாதம்தான், ஐந்து வருஷம் இருந்தாலும் ஒரு மாதம்தான். ஆணியே அடிக்காமல் இருந்தாலும் அதேதான். ஆப்பில் அட்வான்ஸ் தொகை போட்டிருக்கிறார்கள், அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது, அதற்குப் பாராட்டு. பெயிண்டிங் பற்றி ஒரு வரி எங்கும் இல்லை.

இன்னொன்று, கணக்குக்காரியாகச் சொல்கிறேன். பழைய முறையில் வருமான வரி கட்டி, வீட்டு வாடகைப் படிக்கு (ஹெச்.ஆர்.ஏ.) கழிவு கேட்பவர்கள், வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் நம்பரை ஆபீசில் கொடுக்க வேண்டும். முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். "பான் தர்றதில்லீங்க, வேணும்னா வாடகையில ஐந்நூறு குறைச்சுக்கறேன்" என்று ஒருவர் பேரம் பேசினார். இந்தக் கேள்விக்கு ஆப்பில் கட்டமே கிடையாது.

சாப்பாட்டுக் கேள்விக்குக் கட்டம் இருக்கிறது, ஆனால் அதை யாரும் நிரப்புவதில்லை. நிரப்பினால் பார்க்கிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்களோ என்னவோ. போனில்தான் வரும்.

"நீங்க வெஜ்ஜா மேடம்?"

"இல்லீங்க. வாரத்துல ஒரு நாள் கறி எடுப்போம்."

"முட்டை ஓகே. கறி, மீன் வேண்டாம்."

இது மரியாதையான வகை. இன்னொரு வகை, "தமிழா? ஓ, தமிழ்ல எந்தக் கம்யூனிட்டி?" என்று ஆரம்பிக்கும். எதற்குக் கேட்கிறீர்கள் என்றால், "சும்மா, பேக்ரவுண்டு தெரிஞ்சுக்கத்தான்." நான் சொல்ல மாட்டேன் என்றேன். அவர், "பரவால்ல மேடம், வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார் போல. இதைக் கர்நாடகத்தின் பழக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோவையில் எங்கள் தெருவிலேயே ஒரு முஸ்லிம் குடும்பம், கணவன் மனைவி இருவரும் அரசு வேலை, மாதக்கணக்கில் வீடு கிடைக்காமல் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே என்னிடம் கேட்கப்படாத கேள்வி இங்கே கேட்கப்பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். மொழிக்காக யாரும் என்னிடம் முகம் கோணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கே.ஆர்.புரம், ராமமூர்த்தி நகர், அல்சூர் பக்கமெல்லாம் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வந்தது. நான் கற்றுக்கொண்ட நாலு கன்னட வாக்கியங்களைச் சொல்ல இடமே கொடுக்கவில்லை.

"உங்களுக்கென்றே மேனேஜர்" பற்றிச் சுருக்கமாக. ஆள் மாறிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு புது ஆளுக்கும் முழங்கால் கதையை முதலிலிருந்து சொன்னேன். ஒவ்வொருவரும் மிகப் பணிவாகக் கேட்டுவிட்டு, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வீட்டின் லிங்கை அனுப்பினார்கள். ஒருவர் மட்டும், பேரைச் சொல்லாமல் நன்றி சொல்கிறேன், "மேடம், இந்த பட்ஜெட்டில் ஒயிட்ஃபீல்டில் லிஃப்ட் கிடைக்காது, கே.ஆர்.புரம் பக்கம் கிரவுண்டு ஃப்ளோர் பாருங்கள்" என்று உண்மையைச் சொன்னார். மொத்தச் சந்தாவில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான ஆலோசனை அது. மறு வாரம் அவரும் மாறிவிட்டார்.

சந்தா காலம் முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த போன்கள், வீட்டைப் பற்றி வந்த போன்களைவிட அதிகம். புதுப்பிக்கவில்லை.

அதற்குப் பிறகு கே.ஆர்.புரம் தொங்கு பாலம் தாண்டி, தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையைச் சுற்றின தெருக்களில் நடந்தே தேடினோம். டெலிபோன் செய்வதற்காக 1948ல் தொடங்கிய தொழிற்சாலை அது. அதை நம்பி வந்து குடியேறியவர்களின் வீடுகள் சுற்றிலும் இருக்கின்றன, பழைய வீடுகள், மரமும் உண்டு. கணவர் வெள்ளிக்கிழமை ரயிலேறி வருவார், ஞாயிறு திரும்புவார். "டூ-லெட்" போர்டு பார்த்தால் நின்று போன் செய்வது, நந்தினி பால் பூத்தில் விசாரிப்பது. பால் பூத்காரர்தான் ஒரு புரோக்கர் தம்பியின் நம்பரைக் கொடுத்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பம், பிறந்தது இங்கே. முதல் கேள்வியே, "அக்கா, பெரியவங்களுக்குப் படி எத்தனை ஏற முடியும்?" ரெண்டு என்றேன். "கறி?" உண்டு என்றேன். "வெஜ் வீடெல்லாம் காட்டி உங்க டைமும் என் பெட்ரோலும் வேஸ்ட் பண்ண மாட்டேன்" என்றார். ஆப்பில் இத்தனை கட்டங்கள் செய்யாததை இரண்டு கேள்வியில் செய்துவிட்டார்.

அவரிடமும் குறை இருக்கிறது. ஒரு வீட்டுக்கு இருநூறு ரூபாய் என்று சுற்றிக்காட்டும் கூலி வாங்கினார், முடிந்தால் கமிஷனில் கழித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கழிக்கவில்லை. நேரம் சொன்னால் ஒரு மணி நேரம் கழித்து வருவார். ஆனால் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் சம்ப் மூடியைத் திறந்து காட்டினார். பார்த்த முதல் ஆளாக எங்களிடம் மின்சார மீட்டரைப் பற்றியும் பேசினார்.

அந்த மீட்டர் விஷயம் வெளி மாநிலத்திலிருந்து வருபவர்களுக்கு முக்கியம். கர்நாடகத்தில் கிருஹ ஜோதி என்று ஒரு திட்டம், 2023லிருந்து நடக்கிறது. வீட்டுக்கு மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. ஆனால் மீட்டரின் இணைப்பு எண்ணான ஆர்.ஆர். நம்பரோடு ஆதாரை இணைக்க வேண்டும். முந்தைய குடித்தனக்காரர் ஆதாரைத் துண்டிக்காமல் போயிருந்தால் நாம் இணைக்க முடியாது. இரண்டு போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால் சலுகை ஓனருக்கு, நமக்கு அவர் சப்-மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார். நான் பார்த்த வீடுகளில் அப்படி நிறைய. ஆகவே தண்ணீருக்கு அடுத்த கேள்வி: "தனி மீட்டரா? பழைய ஆளோட ஆதாரை எடுத்தாச்சா?"

கிடைத்த வீடு இந்தத் தம்பி காட்டியதுதான். ஐ.டி.ஐ.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீடு. கிரவுண்டு ஃப்ளோர், வாசலில் இரண்டே படி, பின்னால் ஒரு சப்போட்டா மரம், காவேரி ஒருநாள் விட்டு ஒருநாள், தனி மீட்டர். ஓனர் வீட்டில் பேச்சு தெலுங்கு, எங்களிடம் தமிழ், தெருவில் கன்னடம். வாடகை 24,000. கே.ஆர்.புரம் மெட்ரோவுக்கு ஷேர் ஆட்டோ.

பேரத்துக்கு உதவியது பஞ்சாங்கம். அப்போது ஜூலை முதல் வாரம். இங்குள்ளவர்களுக்கு ஆஷாட மாதம் நடந்துகொண்டிருந்தது, 2025ல் ஜூன் கடைசியில் பிறந்து ஜூலை 24 வரை. அந்த மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள், காலி வீடு காலியாகவே கிடக்கும். எங்களுக்கோ அது ஆனி. ஆடி பிறக்க ஜூலை 17 ஆகும். தம்பி இதைக் கேட்டதும் கண் விரிந்தார். "அக்கா, இந்தப் பத்து நாள் உங்களுக்கு நல்ல நாள், ஓனருக்கு டல் சீசன்." ஓனரின் மனைவிதான் கொஞ்சம் தயங்கினார், ஆஷாடத்தில் பால் காய்ச்சுகிறார்களே என்று. அத்தை போனில் அவரிடம் பேசினார். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது, அரை மணி நேரம் ஆனது. பத்து மாத அட்வான்ஸ் ஆறு மாதமாக இறங்கியது. ஆடிக்கு முன்னால் பால் காய்ச்சினோம்.

இனி வேடிக்கை. வீடு முடிந்த பிறகு, சும்மா பார்ப்போம் என்று ஆப்பைத் திறந்து கே.ஆர்.புரம் என்று தேடினேன். எங்கள் வீடு அங்கே இருந்தது! நாலு வருஷத்துக்கு முந்தைய பெயிண்ட், சப்போட்டா மரம் குட்டியாக, வாடகை 28,000. "உரிமையாளர்" என்று ஒரு பெயர், எங்கள் ஓனருக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது. ஏரியா: இந்திராநகருக்கு அருகில். சந்தா இருந்தபோது நான் இந்த வீட்டைத் தாண்டித்தான் போயிருப்பேன். மாடி எண் கட்டத்தில் "2" என்று போட்டிருந்ததால் என் ஃபில்டரே அதை ஒளித்துவைத்திருக்கிறது.

சரி, அந்த இரண்டு மார்க். அக்ரிமென்ட் சேவைக்குத் தனிக் கட்டணம், ஆனால் கொடுக்கலாம். இ-ஸ்டாம்ப் எடுத்து, வரைவை இரு தரப்புக்கும் அனுப்பி, திருத்தச் சொன்னதைத் திருத்தி, இரண்டு நாளில் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். வழக்கம்போல் பதினொரு மாதம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908 பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் நாடு முழுக்க இந்தப் பதினொன்று. வரைவில் பெயிண்டிங்குக்கு "ஒரு மாத வாடகை" என்று தயாராக அச்சாகி வந்தது. அதை "பில் காட்டி, ஆன செலவு மட்டும், அதிகபட்சம் ஒரு மாத வாடகை" என்று மாற்றச் சொன்னேன். ஓனர் இரண்டு நிமிடம் யோசித்துச் சரி என்றார். பான் நம்பரும் அக்ரிமென்டிலேயே ஏறியது. ஓய்வு பெற்ற பொதுத்துறை ஆட்களுக்குக் காகிதத்தின் மேல் ஒரு மரியாதை இருக்கிறது, எங்களுக்கு அது கைகொடுத்தது. சுவரில் இருந்த விரிசல்கள், ஓடாத ஒரு ஃபேன், கீறல் விழுந்த சிங்க், எல்லாவற்றையும் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பி, அவர் "ஓகே" போட்ட பிறகுதான் சாமான் இறக்கினோம்.

சந்தா வாங்கலாமா என்றால், வேறு மாநிலத்திலிருந்து வந்து, ஏரியாவுக்கு ஏரியா வாடகை என்ன என்று தெரியாதவர்கள் பணம் கட்டாமலே ஒரு வாரம் ஆப்பைப் பாருங்கள், விலை நிலவரம் பிடிபட்டுவிடும். பெரிய அபார்ட்மென்டில் ஃபிளாட் தேடும் சின்ன வயது ஐ.டி. தம்பதிகளுக்குச் சந்தா பலன் கொடுத்திருக்கிறது, என் ஆபீசிலேயே இரண்டு பேருக்கு. அங்கே வீடுகள் ஒரே அச்சு, லிஃப்ட் உண்டு, தண்ணீரை அசோசியேஷன் பார்த்துக்கொள்ளும். வயதானவர்களோடு, தனி வீட்டில், குறைந்த பட்ஜெட்டில் தேடுபவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்தப் பணத்தில் ஒரு வாரம் அந்தத் தெருவிலேயே ஒரு லாட்ஜில் தங்கி நடக்கலாம்.

"வீடு கிடைக்காவிட்டால் பணம் வாபஸ்" என்று விளம்பரத்தில் இருந்ததே, அதைக் கேட்டேன். எல்லா நம்பர்களையும் திறந்திருக்க வேண்டும், காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும், மேனேஜர் அனுப்பிய எந்த வீட்டையும் "காரணமின்றி" மறுத்திருக்கக் கூடாது. மூன்றாவது மாடியை மறுத்ததற்கு முழங்கால் காரணமாகுமா என்று மெயிலில் விவாதித்தோம். கடைசியில் பாதித் தொகையை ஆப்பின் வாலெட்டில் போட்டார்கள். அதை அவர்களுடைய பேக்கர்ஸ்-மூவர்ஸுக்குத்தான் பயன்படுத்தலாம். கோவையிலிருந்து சாமான் ஏற்றிவர அவர்கள் சொன்ன விலையில் வாலெட் தொகையைக் கழித்த பிறகும், உக்கடத்தில் எங்களுக்குத் தெரிந்த லாரிக்காரர் சொன்னதைவிட ஒன்பதாயிரம் அதிகம். லாரியில்தான் வந்தோம். வாலெட் தொகை மார்ச்சில் காலாவதியாகிறது என்று வாரம் ஒருமுறை எஸ்.எம்.எஸ். வருகிறது.